நிகாஹ் மேடையில் நேர்மையான சொல்



ஷவ்வால் பிறை தென்பட்டுவிட்டால் நம் பகுதியின் திருமண மண்டபங்களில் இடம் கிடைப்பது அரிது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நிகாஹ் மஜ்லிஸ்களுக்கு அழைப்பு வருவதும் உண்டு. சென்ற ஷவ்வாலில், சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். நண்பனின் நிகாஹ் மேடையில் அவர் பேச வேண்டுமாம்.

"ஹஜ்ரத், எல்லாருக்கும் ஞாபகத்துல நிக்கிற மாதிரி புதுசா ஏதாவது சொல்லிக் கொடுங்க. ரெண்டு ஜோக், ஒரு கவிதை இருந்தாப் போதும்" என்றார்.

அவருக்கு உடனே விடையளிக்க நம்மால் இயலவில்லை. நினைவில் நிற்கும் உரை ஒன்றை நாமும் ஒருமுறை நிகழ்த்தியிருக்கிறோம். நம் நினைவில் அது நிற்கும் காரணமே வேறு. அதைப் பின்னர் சொல்கிறோம். முதலில், நம் மணமேடைகளில் இன்று என்ன பேசப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மூன்று நிமிட குத்பா, நாற்பது நிமிட வாழ்த்துரை

பதினோரு மணிக்கு நிகாஹ் என்று பத்திரிகையில் அச்சிட்டிருப்போம். மாப்பிள்ளை பன்னிரண்டு மணிக்கு மேடை ஏறுவார். பேஷ் இமாம் அரபியில் குத்பாவை மூன்று நிமிடங்களில் ஓதி முடிப்பார். ஈஜாப், கபூல், துஆ நிறைவேறும். அடுத்து மைக் கைமாறும். முத்தவல்லி வாழ்த்துவார், கட்சிப் பிரமுகர் வாழ்த்துவார், மாப்பிள்ளையின் தந்தைக்குத் தொழில்முறையில் நெருக்கமானவர் வாழ்த்துவார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் புகைப்படம். நாற்பது நிமிடங்கள் கழிந்துவிடும். ளுஹருக்கு பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கடைசிப் பேச்சாளர் "இறுதியாக ஒன்று" என்று தொடங்குவார்.

கீழே பந்தியில் தேக்‌ஷா திறக்கப்படாமல் காத்திருக்கும். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போக வேண்டிய தொழிலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடியில், பெண்கள் பகுதியில், இந்தப் பேச்சுகளில் ஒரு சொல்லும் விழாது. அங்கே ஒலிபெருக்கி வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தாலும் அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். மணப்பெண் தஃப்தரில் கையொப்பமிட்டுவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருப்பாள். அவளுடைய வாழ்வு குறித்து ஆண்கள் கூடிப் பேசி முடித்த செய்தி, "கபூல் ஆயிடுச்சு" என்ற ஒரு வரியாக அவளை வந்தடையும்.

இதை நாம் மிகைப்படுத்திச் சொல்கிறோமா? சென்ற மாதம் தாங்கள் சென்றுவந்த நிகாஹ் மஜ்லிஸை நினைவில் கொண்டுவாருங்கள். எந்தப் பேச்சாளர் சொன்ன எந்தச் சொல் உங்களிடம் தங்கியிருக்கிறது?

குத்பா எதைக் கட்டளையிடுகிறது?

நிகாஹ்வின்போது ஓதப்படும் குத்பாவுக்கு 'குத்பத்துல் ஹாஜா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தமக்குக் கற்றுக்கொடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் இடம்பெற்றுள்ளது. இறைவனைப் புகழ்ந்து, அவனிடம் உதவியும் மன்னிப்பும் வேண்டி, ஷஹாதத் மொழிந்து, பின்னர் மூன்று இடங்களிலிருந்து இறைவசனங்களை ஓதுவது அதன் அமைப்பு. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 102ஆம் வசனம், அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனம், அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 70, 71ஆம் வசனங்கள்.

இவற்றில் முதலாவது, இறைவனை அஞ்ச வேண்டிய முறையில் அஞ்சுமாறும், முஸ்லிமாகவே மரணிக்குமாறும் ஏவுகிறது. மணநாளன்று மரணத்தை நினைவூட்டும் வசனம்! இரண்டாவது, மனிதர் அனைவரும் ஒரே ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டவர்கள், அதிலிருந்தே அதன் துணையும் படைக்கப்பட்டது என்று நினைவுபடுத்தி, இரத்த உறவுகளைக் குறித்து எச்சரிக்கிறது. மூன்றாவதை நாம் கவனித்துக் கேட்டிருக்கிறோமா? நம்பிக்கையாளர்கள் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும், நேர்மையான சொல்லையே சொல்ல வேண்டும் என்று அது பணிக்கிறது. அவ்வாறு சொன்னால் அவர்களுடைய செயல்களை அல்லாஹ் சீராக்குவான் என்றும் வாக்களிக்கிறது.

அதாவது, நிகாஹ் குத்பாவிலேயே பேச்சு குறித்த சட்டம் இருக்கிறது. இமாம் அதை ஓதி முடித்த அதே நிமிடத்தில், அதே மேடையில், அதே மைக்கில் நாம் அதை மீறத் தொடங்குகிறோம். பத்து ஆண்டுகளாக மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்திராத ஒருவர், அவரை "மார்க்கப் பற்றுள்ள இளைஞர்" என்று போற்றுகிறார். வட்டிக் கடையில் வாங்கிய கடனில் போடப்பட்ட மேடையில் நின்றுகொண்டு, "எளிமையான நிகாஹ்வே பரக்கத்தான நிகாஹ்" என்கிறார் இன்னொருவர். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள்.

நாம் நிகழ்த்திய உரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் பகுதி மண்டபம் ஒன்றில் நம்மை பயான் செய்ய அழைத்திருந்தார்கள். மேடை ஏறும் முன்பு மாப்பிள்ளை வீட்டார் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் தந்தார்கள். வரதட்சணை இல்லாத, சுன்னத்தான நிகாஹ் என்று அறிவிக்கும்படி அதில் எழுதியிருந்தது. நமக்கு மகிழ்ச்சி பொங்கியது. நாம் எவரிடமும் விசாரிக்கவில்லை. பெண்ணின் தந்தை இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருந்தார், அவரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. இருபது நிமிடங்கள் உரையாற்றினோம். கைக்கூலியின் கேட்டைச் சாடினோம். இந்தக் குடும்பத்தைப் பாருங்கள் என்று கைகாட்டினோம். மஜ்லிஸ் நெகிழ்ந்தது. அந்த உரையின் காணொளி பல கைப்பேசிகளுக்குப் பரவியது. நினைவில் நிற்கும் உரை என்று பலர் நம்மைப் பாராட்டினார்கள்.

இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அந்தப் பெண் கைக்குழந்தையுடன் தகப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். பஞ்சாயத்தில் நம்மையும் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் அந்தத் தந்தை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை விரித்தார். நகை, ரொக்கம், வண்டி, சீர்ப் பாத்திரம் என எல்லாம் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன. மாப்பிள்ளை தரப்பு என்ன செய்தது தெரியுமா? கைப்பேசியை எடுத்து நம் உரையை ஓடவிட்டார்கள். "ஹஜ்ரத்தே ஒண்ணும் வாங்கலன்னு சொல்லியிருக்காரு பாருங்க" என்றார்கள்.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று அந்தத் தந்தையிடம் நாம் கேட்டோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"நீங்க மைக்குல அவ்வளவு பேருக்கு முன்னாடி சொல்லிட்டீங்க ஹஜ்ரத். அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

ஒரு மணமேடை உரை அலங்காரப் பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை, அது சாட்சியமாகிவிடுகிறது என்பதை அன்று அறிந்தோம். நாம் அறியாததற்குச் சாட்சி சொன்னோம். அந்தச் சாட்சியம் பாதிக்கப்பட்டவளுக்கு எதிராகப் பயன்பட்டது. அல்லாஹ் நம்மை மன்னிக்கட்டும். அந்தப் பெண்ணிடமும் அவள் தந்தையிடமும் நாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். காணொளியைத் திரும்பப் பெற மட்டும் நம்மால் முடியவில்லை.

வரதட்சணையை நம் நாட்டுச் சட்டமும் 1961 முதல் குற்றம் என்கிறது. வாங்குவதைப் போலவே கொடுப்பதும் அச்சட்டத்தில் குற்றமே. அதே சட்டம், வரதட்சணை என்பதன் வரையறையிலிருந்து முஸ்லிம்களின் மஹரைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. நாட்டின் சட்டத்துக்குத் தெரிந்த இந்த வேறுபாடு நம் மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியாமல் போகலாமா? மணமகன் தர வேண்டிய மஹரைப் பற்றி ஒரு வாக்கியம், மணமகளின் தந்தை கட்டித்தந்த மண்டபத்தைப் பற்றி ஒன்பது வாக்கியம் என்றால், எதை நாம் சிறப்பிக்கிறோம்?

நபியவர்கள் திருத்திய மணவிழாப் புகழ்ச்சி

"கல்யாண வீட்டில் நாலு வார்த்தை கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமண நாளை நினைவூட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அங்கு வருகை தந்திருந்தார்கள். சிறுமிகள் தஃப் அடித்து, பத்ருப் போரில் உயிர்நீத்த தம் முன்னோரைப் போற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்று பாடினாள். நபியவர்கள் உடனே இடைமறித்து, அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு சொன்னார்கள். புகாரீயில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

சிந்தித்துப் பாருங்கள். மணவிழா, சிறுமிகள், பாட்டு, மகிழ்ச்சி. நபியவர்கள் தஃபை நிறுத்தவில்லை, பாட்டை நிறுத்தவில்லை, மகிழ்ச்சியைக் கலைக்கவில்லை. உண்மையைத் தாண்டிய ஒரேயொரு வரியை மட்டும் நீக்கினார்கள். அந்த வரியோ அவர்களைப் பற்றியதுதான்! படைப்பினங்களில் சிறந்தவரைப் பற்றியே மணவிழாவில் மிகைப்பட ஒரு சொல் கூடாது என்றால், வார்டு பிரமுகரைப் பற்றி நாம் சொல்லும் அடைமொழிகளின் நிலை என்ன?

இன்னொரு சமயம், ஒருவர் மற்றொருவரை நபியவர்களின் முன்னிலையில் வெகுவாகப் புகழ்ந்தார். தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீர் என்று நபியவர்கள் அவரைக் கண்டித்தார்கள். புகழ்ந்தே ஆக வேண்டுமானால், அவரை இப்படிப்பட்டவர் என நான் கருதுகிறேன், அவரை முழுமையாக அறிந்தவன் அல்லாஹ்வே எனும் பொருளில் சொல்லச் சொன்னார்கள். இதுவும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. துண்டுச் சீட்டைக் கையில் வாங்கிய அந்த நாளில் இந்த ஒரு ஹதீஸை நாம் நினைத்திருந்தால் போதுமாயிருந்தது.

சிரிப்பு யாருடைய செலவில்?

மணமேடையில் சிரிக்கவே கூடாது என்பது நம் வாதம் அன்று. ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை அன்ஸாரி ஒருவருக்கு மணமுடித்து அனுப்பியபோது, அன்ஸாரிகள் கேளிக்கையை விரும்புவார்களே, அதற்கு ஏற்பாடு இல்லையா என்று நபியவர்கள் கேட்டதாக புகாரீயில் காண்கிறோம். மகிழ்ச்சிக்கு மார்க்கத்தில் இடமுண்டு.

ஆனால் நம் மேடைகளில் சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது? "இன்றோடு உன் சுதந்திரம் போச்சு", "வீட்டில் மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா" என்று தொடங்கும் பழைய சரக்கு. மனைவியை ஒரு சுமையாக, ஒரு தண்டனையாக, வாயாடியாகச் சித்திரித்தே கைத்தட்டல் வாங்குகிறார்கள். ஆலிம்களும் இதற்கு விலக்கில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம். சற்று முன்னர்தான் ஒரே ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்ற வசனம் ஓதப்பட்டது. அந்நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனம் திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று அழைக்கிறது. அந்த உடன்படிக்கை கையொப்பமான மை உலரும் முன், அதில் ஒரு தரப்பைக் கேலிப்பொருளாக்குவது எந்த சுன்னத்?

நண்பர்களின் பேச்சுகள் வேறு வகை. பள்ளிப் பருவத்துப் பட்டப்பெயர், பழைய தோல்விகள், கல்லூரிக் காலக் கிசுகிசு எல்லாம் மேடையேறுகின்றன. திரையில் படங்களும் ஓடுகின்றன. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் பரிகசிக்கக் கூடாது, பட்டப்பெயர் சூட்டி அழைக்கக் கூடாது என்று தடுக்கிறது. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனுக்குக் கேடு என்று நபியவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத், திர்மிதீயில் உள்ளது. வேடிக்கையாகச் சொன்ன ஒரு பழங்கதை, புதிதாக வந்த பெண்ணின் மனத்தில் ஆண்டுக்கணக்கில் முள்ளாகத் தைத்திருப்பதை நாம் அறிவோம். பஞ்சாயத்துகளில் அமர்பவர்கள் அறிவார்கள்.

புரியாத மொழியும் மாடியில் கேளாத ஒலியும்

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் பேசியாக வேண்டும். 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்த பின்னர், பல ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கு குடியேறினார்கள். தமிழ் பேசும் குடும்பமும் உருது பேசும் குடும்பமும் இங்கே சம்பந்தம் செய்கின்றன. கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்லதே. ஆனால் தமிழ் மட்டும் அறிந்த மணமகளின் நிகாஹ்வில் முழு நஸீஹத்தும் உருதுவில் நடப்பதையும், உருது மட்டும் புரியும் பாட்டியின் பேரனுக்குச் செந்தமிழில் அடுக்குமொழி பொழிவதையும் காண்கிறோம். யாருக்காகப் பேசுகிறோம் என்ற கேள்வியே எழுவதில்லை.

தமிழ்நாட்டில் மணமேடை வாழ்த்துரை இவ்வளவு வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. சுயமரியாதை இயக்கத்தார் தம் திருமணங்களில் சொற்பொழிவையே மையமாக வைத்தார்கள். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் எனக் குறிப்பிடுவர். 1967இல் அண்ணா தலைமையிலான அரசு அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடையது வேறு. ஆயினும் அவர்கள் எழுப்பிய ஒரு கேள்வி நம்மையும் நோக்கித் திரும்புகிறது: மணமக்களுக்கே பொருள் விளங்காத சொற்களை அவர்கள் தலைக்கு மேல் ஓதிவிட்டுப் போவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

குத்பாவை அரபியில் ஓதுவது சுன்னத். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதன் பொருளைச் சொல்லாமல் விடுவது சுன்னத் என்று யார் சொன்னார்கள்? நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழை அவர்கள் வளர்த்ததே, பள்ளிக்கூடம் போகாத பெண்களும் வீட்டிலிருந்தபடி மார்க்கத்தைப் புரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் ஃபிக்ஹுச் சட்டங்களையே அரபுத் தமிழில் எழுதித் தந்தார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் கதீஜா (ரலி) அவர்களின் திருமணத்துக்கென்று ஒரு படலமே பாடினார். அவர்களுடைய வாரிசுகளாகிய நாம், மூன்று வசனங்களின் பொருளைத் தமிழில் மூன்று நிமிடம் சொல்ல நேரமில்லை என்கிறோம்!

ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்று. வகீலும் இரு சாட்சிகளும் மணப்பெண்ணிடம் சென்று, மஹர் இவ்வளவு என்று சொல்லி, அவளுடைய சம்மதத்தைக் கேட்டு வருவது நம் பகுதியின் நல்ல வழக்கம். கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்காமல் மணமுடிக்கலாகாது என்ற நபிமொழியின் நடைமுறை அது. சம்மதம் அவளுடையது என்றால், உபதேசமும் அவளுக்குரியது அல்லவா? மேடை அலங்காரத்தில் ஒரு பூச்சரத்தைக் குறைத்தால் மாடியில் ஒரு ஒலிபெருக்கி வைத்துவிடலாம்.

எவ்வளவு நேரம் பேசுவது?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் மேனியில் மஞ்சள் நிற நறுமணத்தின் தடத்தைக் கண்டு நபியவர்கள் விசாரித்தார்கள். மணமுடித்த செய்தியும், ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹராகக் கொடுத்த செய்தியும் தெரிந்தன. நபியவர்கள் அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள், ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். அவ்வளவே. மஹர், துஆ, விருந்து. இதைவிடச் சுருக்கமான, இதைவிட நிறைவான வாழ்த்துரை உண்டா? பதினான்கு நூற்றாண்டுகளாக அது நினைவில் நிற்கவில்லையா?

தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவருடைய மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்ற நபிமொழியை அம்மார் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அது ஜும்ஆவைப் பற்றியது. ஜும்ஆவுக்கே சுருக்கம் சிறப்பென்றால், பசித்திருக்கும் மஜ்லிஸில் எவ்வளவு சுருக்கம் வேண்டும்!

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் நூலின் திருமண அத்தியாயத்தில் குத்பாவுக்கென்று ஒரு பாடம் வைத்தார்கள். அதன் கீழ், பேச்சுகளில் சில சூனியம் போன்று வசீகரிப்பவை என்ற நபிமொழியைப் பதிவு செய்தார்கள். இது சொல்வன்மையைப் பாராட்டுவது என்று சில அறிஞர்களும், அதன் ஆபத்தை எச்சரிப்பது என்று சில அறிஞர்களும் விளக்குகிறார்கள். நம் இருபது நிமிட உரை எதில் சேரும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அப்படியானால் என்னதான் பேசுவது?

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது முறையன்று. அந்த மாணவருக்குச் சொன்னதையே இங்கும் வைக்கிறோம்.

பேசப் போகிறவர் முதல் நாளே மணமக்களின் குடும்பத்தாரைச் சந்திக்கட்டும், குறிப்பாகப் பெண் வீட்டாரை. தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும். மணமகனிடம் தாம் நேரில் கண்ட ஒரு நற்செயல் போதும். "உத்தமர்" என்ற ஒரு சொல்லைவிட, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் அவர் தமக்குச் சட்டை எடுத்தார் என்ற ஒரு செய்தி வலிமையானது. மஹர் இவ்வளவு, அது இன்றே கொடுக்கப்பட்டது, அல்லது இன்ன நாளில் கொடுக்கப்படும் என்று இமாம் உரக்க அறிவிக்கட்டும். துண்டுச் சீட்டுப் புகழுரைகளை மறுக்கட்டும். ஒருவர் மட்டும் பேசட்டும். ஏழு நிமிடங்களைத் தாண்ட வேண்டாம்.

வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடாதிருக்க, நாம் இப்போது நிகாஹ் மஜ்லிஸ்களில் பேசும் முறையை இங்கே எழுதுகிறோம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"மணமகனே, மாடியில் கேட்டுக்கொண்டிருக்கும் மணமகளே, இப்போது ஓதப்பட்ட குத்பாவின் பொருள் இதுதான். நீங்கள் இருவரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் மற்றவருக்குக் கீழான படைப்பு அன்று. உங்கள் இருவரையும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான், வீட்டின் கதவு சாத்திய பின்னரும். அவன் உங்களிடம் கேட்பது நேர்மையான சொல். சம்பளம் எவ்வளவு என்பதில் நேர்மை, கடன் இருக்கிறதா என்பதில் நேர்மை, கோபத்தின் காரணம் என்ன என்பதில் நேர்மை. மணமகனே, இந்த மஹர் அவளுடையது. அதை நீயோ உன் தாயோ கேட்டு வாங்கக் கூடாது. மணமகளே, அது உன் உரிமை, கேட்பதில் வெட்கமில்லை. இரு வீட்டுப் பெற்றோரே, இவர்களுடைய சண்டை உங்கள் செவிக்கு வருமுன் தீர்வதற்கு அவகாசம் கொடுங்கள். ஆனால் பெண் அடி வாங்குகிறாள் என்று தெரிந்தால் அவகாசம் பார்க்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்தவரை இவர்கள் நல்லவர்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன்."

பின்னர் நபியவர்கள் கற்றுத்தந்த பாரகல்லாஹு துஆ. இருவருக்கும் பரக்கத்தும், நன்மையில் ஒன்றிணைதலும் வேண்டும் துஆ அது. அறியாமைக் கால அரபுகள் இணக்கமும் ஆண் மக்களும் கிடைக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். அகீல் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் திருமணத்தில் சிலர் அப்படி வாழ்த்தியபோது, அவ்வாறு சொல்லாமல் நபியவர்கள் சொன்னவாறு துஆ செய்யுமாறு அவர்கள் திருத்தினார்கள். "ஆண் குழந்தையோடு அடுத்த பெருநாளுக்கு வாங்க" என்று வாழ்த்தும் நம் பேச்சாளர்கள் இதைக் கவனிப்பார்களா?

இரண்டு எதிர்வாதங்கள்

"பெரியவர்களைப் பேச அழைக்காவிட்டால் மனக்கசப்பு வரும்" என்பார்கள். உண்மைதான். பெரியவர்களுக்கு மேடையில் முன்வரிசை கொடுங்கள், துஆவில் ஆமீன் சொல்லச் சொல்லுங்கள், முதல் பந்தியில் அமர்த்துங்கள். கண்ணியம் செய்வதற்கு மைக் ஒன்றுதான் வழியா?

"எல்லா நிகாஹ்விலும் இதையே சொன்னால் சலித்துவிடும், புதுமை வேண்டாமா?" என்பார்கள். கேட்பவர்களுக்கு அது நூறாவது நிகாஹ்வாக இருக்கலாம். மணமக்களுக்கு அன்று அதுதான் நிகாஹ். உபதேசம் அவர்களுக்கானது.

காதில் சொல்ல வேண்டியது

இஸ்லாத்துக்கு முந்திய அரபகத்தில், உமாமா பின்த் அல்ஹாரிஸ் என்னும் தாய் மணமாகிச் செல்லும் தம் மகளுக்குச் சொன்ன அறிவுரை அரபு இலக்கிய நூல்களில் இன்றுவரை போற்றப்படுகிறது. அதை அவர் கூட்டத்துக்குச் சொல்லவில்லை, மகளிடம் தனியே சொன்னார். சில சொற்கள் மைக்குக்கு உரியவை, சில காதுக்கு உரியவை.

இதையும் அந்த மாணவரிடம் சொன்னோம். அவர் ஜோக் எதுவும் தயாரிக்கவில்லை. நிகாஹ் நாளில் நான்கு நிமிடம் பேசினார். தம் தந்தை மருத்துவமனையில் இருந்த ஒன்பது இரவுகளில் நண்பன் ஷிஃப்ட் முடித்து வந்து உடனிருந்ததைச் சொன்னார், துஆ செய்தார், இறங்கினார். மாடியில் ஒலிபெருக்கி வைக்க அவரே முதல் நாள் ஏற்பாடு செய்திருந்தார். பந்தி முடிந்ததும் நண்பனைத் தனியே அழைத்துச் சென்றார். "கோபம் வந்தா நாலஞ்சு நாள் பேசாம இருப்பியே, அதை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட காட்டாதடா" என்றாராம். நண்பன் சிரித்துவிட்டு, பிறகு சற்று நேரம் பேசாமல் நின்றானாம்.

அந்த மேடையில் பொன்னாடை எவருக்கும் போர்த்தப்படவில்லை. மணப்பெண்ணின் தாய் மறுநாள் அவரை அழைத்து, "அந்த ஒன்பது நாள் விஷயத்தை எம் பொண்ணு கேட்டாப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

அல்லாஹ் நம் நாவுகளை நேர்மையான சொல்லில் நிலைநிறுத்துவானாக. நம் மேடைகளில் சொல்லப்பட்ட பொய்களால் துன்புற்ற பெண்மக்களுக்கு அவனே பொறுப்பேற்று ஈடுசெய்வானாக. புதிதாக மணமுடிக்கும் ஒவ்வொரு இணையையும் நன்மையில் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.